ஆகுர்டி ஸ்கூட்டரும் சீனத்துக் காந்தமும்

2025-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஆகுர்டியில் தயாராகும் சேட்டக் மின்சார ஸ்கூட்டரின் உற்பத்தி தடைப்பட்டது. வேலைநிறுத்தம் ஏதும் இல்லை. மின்வெட்டு இல்லை. வண்டி கேட்டு வருவோருக்கும் குறைவில்லை. வண்டியை ஓட்டும் மோட்டாருக்குள் பதிக்கப்படும் காந்தத் துண்டுகள் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஒரு ஸ்கூட்டருக்கு வேண்டிய காந்தம் சில நூறு கிராம். மளிகைக் கடையில் கட்டித் தரும் பருப்புப் பொட்டலத்தின் எடை கூட இராது. ஆனால் அது இல்லாவிட்டால் ஒரு லட்ச ரூபாய் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

இந்தக் காந்தம் சீனாவிலிருந்து வருவது. அந்நாட்டு அரசாங்கம் 2025 ஏப்ரல் 4-ந் தேதி, ஏழு வகை அரிய மண் உலோகங்களுக்கும் அவற்றைச் சேர்த்துச் செய்யும் காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதிச் சீட்டு வாங்கியாக வேண்டும் என்று உத்தரவு போட்டது. அதிபர் டிரம்ப் சீனச் சரக்குகள் மீது இறக்குமதி வரியை ஏற்றியதற்கு அது பதிலடி. அமெரிக்காவை நோக்கி ஓங்கிய கை ஆகுர்டியிலும் ஓசூரிலும் பட்டது. ஆகஸ்டு மாதத்தில் ஒரு மின்சார ஸ்கூட்டர் கூட வெளிவராமல் போகலாம் என்று பஜாஜ் ஆட்டோவின் நிர்வாக இயக்குநர் ராஜீவ் பஜாஜ் ஜூலையிலேயே எச்சரித்தார். மாற்று ஏற்பாடு செய்து, ஆகஸ்டு 20 முதல் உற்பத்தி மீண்டும் தொடங்கியது.

சில வாரத் தடங்கல்தானே, சரியாகிவிட்டதே என்று பலர் இதை மறந்துவிட்டார்கள். மறக்கத்தக்கதல்ல. ஒரு நாடு பெரிய பொருளாதார சக்தியாக எழுவது என்றால் என்ன, மற்ற நாடுகளுடன் அதன் கொடுக்கல் வாங்கல் எப்படி மாறுகிறது என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் புள்ளிவிவரம் படிப்பதை விட, பழைய மும்பை நெடுஞ்சாலையில் உள்ள இந்த ஒரு தொழிற்சாலையின் கதையைக் கவனித்தால் அதிகம் விளங்கும்.

துண்டு விழுவது ஆபத்தா?

புள்ளிவிவரத்தையும் அடியோடு தள்ளிவிட முடியாது. 2024-25 நிதியாண்டில் சீனாவிலிருந்து இந்தியா வாங்கிய சரக்கின் மதிப்பு 11,345 கோடி டாலர். சீனாவுக்கு இந்தியா விற்றது 1,425 கோடி டாலர். துண்டு விழுந்தது 9,920 கோடி டாலர். 2013-14-ல் வாங்கியது சுமார் 5,100 கோடி டாலர், விற்றது சுமார் 1,480 கோடி டாலர். ஆக, பதினொரு ஆண்டுகளில் வந்திறங்கும் சரக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று. ஏற்றி அனுப்பும் சரக்கோ சற்றுக் குறைந்தே போயிற்று. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் நம் ராணுவ வீரர்கள் 20 பேர் உயிர்நீத்த பிறகு, சீனப் பொருளை வாங்கோம் என்று நாடெங்கும் கோஷம் எழுந்தது. தெருவில் சீனத் தொலைக்காட்சிப் பெட்டியைப் போட்டு உடைத்தவர்கள் உண்டு. அந்த 2020-21-ல் இறக்குமதி சுமார் 6,500 கோடி டாலர். அதற்குப் பின் ஏறிய ஏற்றத்தை மேலே கண்டோம்.

உலக அளவில் பார்த்தால் தலை சுற்றும். 2024-ல் சீனா மற்ற நாடுகளிடம் வாங்கியதைக் காட்டிலும் விற்றது 99,200 கோடி டாலர் அதிகம். 2025-ல் இந்த உபரி ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இந்தியா முழுவதும் ஓராண்டில் உற்பத்தியாகும் எல்லாவற்றின் மதிப்பில் இது கால் பங்குக்கு மேல். 1980-களில் சராசரி மனிதனின் வருமானத்தில் இரு நாடுகளும் ஏறக்குறைய ஒரே படியில் நின்றவை என்பதை இன்றைய இளைஞர்கள் நம்ப மறுப்பார்கள்.

எனினும், துண்டு விழுகிறது என்பதற்காக மட்டும் அலறுவதில் அர்த்தமில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மளிகைக் கடைக்காரரிடம் மாதாமாதம் துண்டு விழத்தான் செய்கிறது. அவர் நம்மிடம் எதையும் வாங்குவதில்லை. அதனால் குடும்பம் கெட்டுவிடுவதில்லை. சம்பளம் வேறு இடத்திலிருந்து வருகிறது. ஊரில் இருப்பது அந்த ஒரே கடை, உப்பு அங்கு மட்டுமே கிடைக்கும், கடைக்காரருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சண்டை வந்தால் நமக்கும் உப்பு நிற்கும் என்றால்தான் பயப்பட வேண்டும். 11,345 கோடி டாலர் சரக்கில் பொம்மையும் குடையும் விளக்குச் சரமும் நின்றுபோனால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. அந்தப் பட்டியலில் மிகச் சிறிய வரியாக இருக்கும் காந்தம் நின்றால் தொழிற்சாலை நிற்கிறது. மொத்தத் தொகையைப் பார்த்துக் கலங்குகிறவர்கள் இந்தச் சிறிய வரிகளைப் பார்ப்பதில்லை.

இத்தாலியர் போனபோது

ஆகுர்டிக்கு இந்த அனுபவம் புதிதல்ல. ஸ்கூட்டர் செய்ய பஜாஜுக்கு 1959-ல் சர்க்கார் லைசென்ஸ் கிடைத்தது. 1960-ல் இத்தாலியின் பியாஜியோ கம்பெனியுடன் தொழில்நுட்ப ஒப்பந்தம். அடுத்த ஆண்டே வெஸ்பா ஸ்கூட்டர் தயாராயிற்று. 1971-ல் ஒப்பந்தக் காலம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. அயல்நாட்டார் கையை விட்டால் ஆலை என்னவாகும் என்று பலர் கவலைப்பட்டிருக்கக் கூடும். 1972-ல் அதே ஆகுர்டியிலிருந்து, மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயரைத் தாங்கி, சேட்டக் வெளிவந்தது.

அது எப்படிச் சாத்தியமாயிற்று? இறக்குமதி செய்யும் பாகங்களை ஆண்டுக்கு ஆண்டு குறைத்து, இங்கேயே செய்தாக வேண்டும் என்பது அன்றைய சர்க்காரின் கண்டிப்பு. அந்நியச் செலாவணி இல்லாத நாட்டுக்கு வேறு வழியும் இல்லை. ஆகவே பிம்ப்ரியிலும் சிஞ்ச்வடிலும் போசரியிலும் வார்ப்பட ஆலைகளும் லேத் பட்டறைகளும் பெருகின. ஒருவர் பிஸ்டன் செய்தார், ஒருவர் கேபிள் செய்தார், ஒருவர் சைலன்சர் செய்தார். இத்தாலியன் புறப்பட்டுப் போனபோது அவன் எடுத்துக்கொண்டு போகத்தக்க பாகம் எதுவும் மிச்சமில்லை. தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடி இங்கு வந்து குடியேறிய பலரும் அந்தப் பட்டறைகளில்தான் கை பழகினார்கள். இன்று மூன்றாவது தலைமுறை நடக்கிறது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டுப் பத்தாண்டுகள் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். அந்நியச் செலாவணி கட்டினால் முன்னுரிமை உண்டு என்பதால், வளைகுடாவில் உறவினர் இருப்பவர்கள் பாக்கியசாலிகள் எனப்பட்டார்கள். கள்ளச் சந்தையில் வண்டி கூடுதல் விலைக்குக் கைமாறியது. லைசென்ஸில் கண்ட எண்ணிக்கைக்கு மேல் உற்பத்தி செய்வது குற்றமானால் சிறை செல்லவும் தயார் என்று ராகுல் பஜாஜ் சொன்னது பிரசித்தம். வண்டியோ, காலையில் ஒரு பக்கம் நன்றாகச் சாய்த்து நிமிர்த்தினால்தான் கிளம்பும். போட்டி இல்லாத இடத்தில் பொருள் மேம்படாது என்பதற்கு அந்தச் சாய்த்தலே சாட்சி.

ஆனாலும், தானே செய்யத் தெரிந்தவன் என்ற நிலையை அந்த ஆண்டுகள் தந்தன. 1980-களின் தொடக்கத்தில் அது சோதனைக்கு உள்ளாயிற்று. சேட்டக் தங்கள் வடிவமைப்பின் நகல் என்று பியாஜியோ அமெரிக்கா, பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, ஹாங்காங் ஆகிய இடங்களில் வழக்குத் தொடுத்தது. 1980-81-ல் 13 கோடி ரூபாய்க்கு மேலிருந்த பஜாஜின் ஸ்கூட்டர் ஏற்றுமதி அடுத்த ஆண்டில் சுமார் 5 கோடியாகச் சரிந்தது. வெளிநாட்டுச் சந்தை அடைபட்டது. ஆனால் ஆகுர்டியில் ஒரு ஷிப்டு கூட அதனால் நிற்கவில்லை. உள்நாட்டில் வண்டிக்குக் காத்திருந்த வரிசை நீண்டிருந்தது, பாகங்கள் அத்தனையும் பக்கத்திலேயே கிடைத்தன. 2025-ல் நடந்தது இதற்கு நேர்மாறு. சந்தை திறந்திருந்தது, வாங்குவோர் காத்திருந்தனர், வண்டி செய்ய முடியவில்லை.

சீனனை வென்ற கதையும் உண்டு

1980-களின் நடுவில் ஜப்பானியர் வந்தனர். 1984-ல் சுசுகியுடன் டி.வி.எஸ்., 1985-ல் ஹோண்டாவுடன் ஹீரோ, 1986-ல் கவாசாகியுடன் பஜாஜ். நூறு சி.சி. மோட்டார் சைக்கிள் ஸ்கூட்டரை மெல்ல மெல்ல ஓரங்கட்டிற்று. ஜப்பானியரிடம் கற்ற வித்தை வீண்போகவில்லை. 2001-ல் பஜாஜ் பல்சரை வெளியிட்டது. அதே 2001 ஏப்ரலில் இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. வியட்நாமில் மலிவான சீன மோட்டார் சைக்கிள்கள் வெள்ளமாக வந்து ஹோண்டாவையே ஆட்டிவைத்த நேரம் அது. இந்தியாவுக்கும் அதே கதிதான், ஆகுர்டிக்குப் பூட்டுத்தான் என்று ஆரூடம் சொன்னவர்கள் அநேகர்.

நடந்தது வேறு. சீன மோட்டார் சைக்கிள் இந்தியச் சந்தையில் காலூன்ற முடியவில்லை. மாறாக, நைஜீரியா, உகாண்டா, கென்யா போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் பயணிகளை ஏற்றிச் செல்லும் வாடகை மோட்டார் சைக்கிள் தொழிலில், பஜாஜின் பாக்ஸரும் ஓசூர் டி.வி.எஸ்.ஸின் வண்டிகளும் சீன வண்டிகளை எதிர்த்து நின்று இடம் பிடித்தன. நாள் முழுவதும் மண் சாலையில் மூவரை ஏற்றி ஓட்டுகிறவனுக்கு விலையை விட உழைப்பும் உதிரிப் பாகமும் முக்கியம். கடைசி போல்ட் வரை சொந்த ஊரில் செய்யப்பட்ட வண்டி என்பதால் இது முடிந்தது. சீனனோடு போட்டி போட இந்தியனால் ஆகாது என்று பேசுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கைத் தெருக்களில் ஓடும் மூன்று சக்கர வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை பஜாஜ். இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆட்டோவுக்கே 'பஜாஜ்' என்றுதான் பெயர். இலங்கையுடனான வர்த்தகத்தில் உபரி நம்முடையது. துண்டு விழுவது அவர்களுக்கு. அந்நியச் செலாவணி வற்றியபோது 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 தொடக்கத்தில்தான் தடை முழுதும் தளர்ந்தது. ஏறக்குறைய ஐந்தாண்டுகள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பழைய ஆட்டோவைத் தட்டி ஒட்டி ஓட்டினார்கள். 2023-ல் நைஜீரியாவின் நாணய மதிப்பு சரிந்தபோதும் இதே கதை. வாங்க ஆசை உண்டு, டாலர் இல்லை. நாம் சீனாவைப் பார்த்து முணுமுணுப்பது போல நம்மைப் பார்த்து முணுமுணுக்கும் நாடுகளும் இருக்கின்றன. எப்போதும் விற்றுக்கொண்டே இருப்பவனுக்கும் ஒரு நாள் சந்தை வறண்டுபோகும். சீனாவின் ஒரு லட்சம் கோடி டாலர் உபரிக்கும் அந்த நாள் வரலாம். அதுவரை கைகட்டிக் காத்திருக்க முடியாது.

காந்தம் சீனாவுக்குப் போன வழி

ஆகுர்டியில் 2007-ல் வாகன உற்பத்தி நின்றது. 2009 இறுதியில் ஸ்கூட்டர் தொழிலையே விட்டுவிடுவதாகக் கம்பெனி அறிவித்தது. பின்பு, மின்சார ஸ்கூட்டராக மறுபிறவி எடுத்து 2020 ஜனவரியில் சேட்டக் விற்பனைக்கு வந்தது. ராகுல் பஜாஜ் காலமான சில மாதங்களில், 2022 ஜூனில், பழைய ஆகுர்டி வளாகத்திலேயே மின்சார ஸ்கூட்டருக்கான புதிய ஆலை திறக்கப்பட்டது. முதலீடு 750 கோடி ரூபாய், ஆண்டுக்கு 5 லட்சம் வண்டிகள் வரை செய்யும் திறன் என்றார்கள். ஊர் மகிழ்ந்தது. மகிழ வேண்டியதுதான்.

ஆனால் வண்டியின் உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். பிஸ்டன் இல்லை. கார்புரேட்டர் இல்லை. கிளட்ச் இல்லை. சைலன்சர் இல்லை. ஐம்பது ஆண்டுகளாகப் போசரிப் பட்டறைகள் செய்து பழகிய அத்தனையும் இல்லை. அவற்றுக்குப் பதிலாகப் பாட்டரி, மோட்டார், அவற்றை ஆளும் மின்னணுப் பலகை. பாட்டரியின் செல்களும் காந்தமும் பெரும்பாலும் கடல் தாண்டி வருகின்றன. உலகின் அரிய மண் காந்தங்களில் சுமார் 90 சதவீதம் சீனாவில் செய்யப்படுபவை. இத்தாலியரிடமிருந்து பன்னிரண்டு ஆண்டுகளில் பெற்ற விடுதலை, வேறு வாசல் வழியாகக் கைநழுவியிருக்கிறது.

சீனா இதைத் திருடிக்கொண்டு போகவில்லை. இந்த வகைக் காந்தத்தை 1980-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானில் சுமிடோமோவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸும். தாது எடுப்பதில் அன்று முதலிடம் கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கத்துக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் தன் காந்தத் தொழிலான மாக்னிகுவென்ச்சை 1995-ல் விற்றது. வாங்கியவர்களில் சீனக் கம்பெனிகள் உண்டு. அடுத்த சில ஆண்டுகளில் இண்டியானாவிலிருந்த பட்டறைகள் மூடப்பட்டு, இயந்திரமும் கைத்திறனும் சீனா போய்ச் சேர்ந்தன. லாபம் குறைவு, அழுக்கு அதிகம், நமக்கு எதற்கு இந்தத் தொல்லை என்று அமெரிக்கா நினைத்தது. அந்தத் தொல்லையைச் சீனா விரும்பி ஏற்றது. அதற்கு அங்குள்ளவர்கள் கொடுத்த விலையும் சிறிதல்ல. பாவ்டோ நகரத்தின் அருகே அமிலமும் கதிரியக்கக் கழிவும் கலந்து தேங்கி நிற்கும் ஏரியைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன.

2010-ல் மீன்பிடிப் படகு விவகாரத்தில் ஜப்பானுடன் சச்சரவு மூண்டபோது சீனா இந்தச் சரக்கை நிறுத்திக் காட்டியது. ஜப்பான் விழித்துக்கொண்டது. ஆஸ்திரேலியச் சுரங்கத்தில் பணம் போட்டது, கையிருப்புச் சேர்த்தது, குறைந்த உலோகத்தில் காந்தம் செய்யக் கற்றது. இந்தியா அந்த மணியோசையைக் கேட்டும் புரண்டு படுத்துவிட்டது.

மணவாளக்குறிச்சி மணல்

கேட்டால் வயிறெரியும் செய்தி இது. அரிய மண் உலோகங்களின் இருப்பில் உலகில் மூன்றாவது இடம் இந்தியாவுக்கு. அமெரிக்க நிலவியல் துறைக் கணக்குப்படி 69 லட்சம் டன். 2024-ல் நாம் வெட்டியெடுத்தது 2,900 டன். சீனா எடுத்தது 2,70,000 டன்.

இந்த இருப்பின் ஒரு பகுதி கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை மணலில் கிடக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார் 1909-ல் ஆராய்ந்து, அதில் மோனசைட் இருக்கக் கண்டார். அதிலிருந்து மணவாளக்குறிச்சியில் மணல் தொழில் பிறந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில், மோனசைட்டை அப்படியே வெளிநாட்டுக்கு விற்கக் கூடாது என்று இந்தியாவே தடை போட்டது. அமெரிக்கா கேட்டும் நேரு இறங்கிவரவில்லை. 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் அமைந்தது. 1952-ல் ஆலுவாயில் ஆலை ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அந்த ஆலையின் தோரியம் நைட்ரேட் ஒரு போலந்துக் கப்பலில் சீனாவுக்குப் போனது. அமெரிக்கா கடுமையாக ஆட்சேபித்தது. அன்று கொடுக்கும் இடத்தில் இருந்தது நாம். வாங்கும் இடத்தில் இருந்தது சீனா.

பிறகு என்ன ஆயிற்று? சீனச் சரக்கு மலிவாக வந்தது. அந்த விலைக்கு ஆலுவாயால் செய்ய முடியவில்லை. 2000-களின் முற்பகுதியில் மோனசைட்டைப் பிரித்தெடுக்கும் வேலை அங்கே நின்றுபோயிற்று. அன்று ஒரு கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சம் என்று கணக்குப் பார்த்தவர்கள், 2025-ல் ஆலைகள் நிற்பதால் வரும் நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவார்கள்?

மணல் இருந்தால் மட்டும் காந்தம் ஆகிவிடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மணலிலிருந்து மோனசைட்டைப் பிரிக்க வேண்டும். அதிலிருந்து தோரியத்தை நீக்க வேண்டும். ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் உலோகங்களை அமிலத்திலும் கரைப்பானிலும் நூற்றுக்கணக்கான படிகளில் தனித்தனியாக்க வேண்டும். பின்பு உலோகமாக உருக்கி, கலந்து, பொடித்து, காந்தப் புலத்தில் வைத்து அழுத்தி, உலையில் சுட்டு, அறுத்து, முலாம் பூச வேண்டும். முதல் சில படிகள் நமக்குத் தெரியும். பின்பாதியில் நமக்குக் கைப்பழக்கம் மிகக் குறைவு. மேலும், சூட்டிலும் காந்த சக்தி குன்றாமல் காக்கும் டிஸ்புரோசியமும் டெர்பியமும் நம் மோனசைட்டில் சொற்பம். ஆனால் 2025 நெருக்கடியின்போது ஸ்கூட்டர் கம்பெனிகள் அந்த உலோகங்கள் இல்லாத, இலேசான வகைக் காந்தத்துக்கு மாறத் தொடங்கின. அனுமதிச் சீட்டுத் தேவைப்படாத அந்தச் சரக்கும் சீனாவிலிருந்துதான் வருகிறது. ஆயினும் அதற்கு வேண்டிய நியோடிமியம் நம் மணலில் உள்ளது. இது சிறிய விஷயமல்ல. நெருக்கடியே ஒரு வழியைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறது.

பணம் ஒதுக்கினால் போதுமா?

2025 அக்டோபரில் சீனா மேலும் ஐந்து உலோகங்களைக் கட்டுப்பாட்டில் சேர்த்தது. டிரம்ப் - ஷி ஜின்பிங் சந்திப்புக்குப் பின் நவம்பரில் அதை ஓராண்டுக்குத் தள்ளிவைத்தது. ஏப்ரல் உத்தரவை விலக்கவில்லை. திறப்பதும் மூடுவதும் அவர்கள் இஷ்டம் என்பது இதில் தெளிவு. அதே நவம்பர் 26-ந் தேதி மத்திய மந்திரிசபை 7,280 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு அனுமதி அளித்தது. ஆண்டுக்கு 6,000 டன் காந்தம், ஐந்து கம்பெனிகள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 1,200 டன். ஏழாண்டுத் திட்டத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் ஆலை கட்டுவதற்கு. 2026 பிப்ரவரி பட்ஜெட்டில் ஒடிசா, கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் அரிய மண் தொழில் வட்டாரங்கள் அமைக்கப்படும் என்றும் சொல்லப்பட்டது.

காலங்கடந்த திட்டமானாலும் வரவேற்கத்தக்கதே. ஆனால் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. சீனா செய்யக்கூடிய மிக எளிய காரியம், நம் ஆலைகள் ஓடத் தொடங்கும் நாளில் தன் காந்தத்தின் விலையைப் பாதியாக்குவதுதான். சீட்டுக் கொடுக்க மறுப்பதை விட அது பலமான அடி. ஆலுவாய்க்கு நேர்ந்தது அதுவே. அப்போது ஆகுர்டி பஜாஜும் ஓசூர் டி.வி.எஸ்.ஸும் எதை வாங்கும்? பங்குதாரருக்குப் பதில் சொல்ல வேண்டிய கம்பெனி மலிவானதைத்தான் வாங்கும். அதைக் குறைசொல்ல முடியாது. ஆகவே, மின்சார வண்டிக்கு சர்க்கார் தரும் சலுகை எதுவானாலும், மோட்டாரில் உள்ள காந்தத்தில் குறிப்பிட்ட பங்கு உள்நாட்டுச் சரக்காக இருக்க வேண்டும் என்று இப்போதே விதித்து, ஆண்டுதோறும் அந்தப் பங்கை உயர்த்த வேண்டும். 1960-களில் வெஸ்பாவுக்குப் போட்ட அதே கண்டிப்புதான். பத்தாண்டு வரிசையும் கள்ளச் சந்தையும் திரும்பி வராமல் இதைச் செய்ய முடியும்; ஏனெனில் இப்போது ஸ்கூட்டர் செய்யப் பல கம்பெனிகள் இருக்கின்றன. வண்டிக்கு விலை சற்று ஏறும். ஏறட்டும். ஒரு மாத உற்பத்தி நிற்பதால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

இரண்டாவது ஓட்டை மணல் எடுக்கும் இடத்தில் இருக்கிறது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர மக்கள் 2024 முதல் எதிர்த்து வருகிறார்கள். கதிரியக்கத்தையும் புற்றுநோயையும் கடல் அரிப்பையும் எண்ணி அவர்கள் அஞ்சுகிறார்கள். தேசத்துக்குக் காந்தம் வேண்டும், மீனவன் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று பேசுவது அக்கிரமம். அது பாவ்டோ ஏரியைக் குமரிக்குக் கொண்டுவரும் வழி. ஏற்கெனவே தோண்டிய இடங்களில் கதிரியக்க அளவு என்ன, நோய் விவரம் என்ன என்பதை அரசுச் சார்பற்ற மருத்துவர்களைக் கொண்டு ஆராய்ந்து, தமிழில் அச்சிட்டு, ஊர் ஊராக வைத்த பிறகே புதிய குத்தகையைப் பற்றிப் பேச வேண்டும். அதுவரை ஒடிசா ஆலையிலிருந்து கிடைக்கும் நியோடிமியத்தைக் கொண்டு தொடங்கலாம். 2025 ஜூனில், ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்த நம் சரக்கை நிறுத்திவைக்குமாறு சர்க்கார் கேட்டுக்கொண்டதாகச் செய்தி வந்தது. நிறுத்திய சரக்கைப் பயன்படுத்த இங்கே உலை வேண்டாமா?

அந்த உலை எங்கே வரும் என்பதில் பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரிக்காரர்களுக்கு அக்கறை இருக்க வேண்டும். மணலைப் பிரிக்கும் ஆலை கடற்கரையில்தான் அமையும். ஆனால் உலோகப் பொடியை அழுத்திச் சுட்டு, நூலளவு பிசகாமல் அறுத்து, முலாம் பூசும் வேலை இயந்திரப் பட்டறைக்காரனின் வேலை. பிஸ்டனும் கிளட்சும் செய்து பழகிய கைகள் இந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்கு வரும் ஆர்டர்தான் மின்சார வண்டி பெருகப் பெருகக் குறையப் போகிறது. மகாராஷ்டிர சர்க்கார் இதுவரை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எம்.ஐ.டி.சி.யில் ஒரு பொது உலையும் பரிசோதனைக் கூடமும் அமைத்து, இங்குள்ள ஐ.டி.ஐ.களில் காந்தத் தொழிலுக்கு ஓராண்டுப் பயிற்சி வைத்தால், ஐந்து கம்பெனிகளில் ஒன்றையாவது இங்கே இழுக்கலாம். தொழிலாளர் சங்கங்களும் சிறுதொழில் அதிபர் சங்கங்களும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை இது. ஆலை கட்டக் கொடுத்திருக்கும் தவணை இரண்டே ஆண்டுகள்.